அழியாத எழுத்தும் அம்மாக்களும்

காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கினால் சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். போன ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் நானும் என் மகளும் நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வல்வில் ஓரி விழாவுக்குப் போகிற கூட்டத்தால் பேருந்தில் கால் வைக்க இடமில்லை. மகள் மேல்கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் உடல் சாய, சுடிதாரின் கை மேலேறி, இடது முன்கையின் உட்புறத்தில் அவள் குத்தியிருந்த பச்சை வெளியே தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன். என் கை தானாகவே போய் அவள் துப்பட்டாவை இழுத்து அந்தக் கையின்மேல் போட்டது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வளைவில் துப்பட்டா நழுவிவிட்டது. நான் மறுபடியும் அதை எடுத்துப் போடவில்லை. ஆனால் முதல்முறை போட்ட கை என்னுடையதுதான். பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் சங்க இலக்கியமும் பெண்ணெழுத்தும் நடத்திவரும் கை அது. அந்தக் கையின் செயலை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

பொங்கல் விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வீட்டுக்கு வந்தபோதுதான் அவள் கையை முதலில் பார்த்தேன். அவளுக்கு வயது 23. சம்பாதிக்கிறாள். கையில் இருந்தவை மூன்று அலைக்கோடுகள், ஒரு விரல் நீளம். எந்தப் பெயரும் இல்லை, பூவும் இல்லை, சாமியும் இல்லை. நான் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

"மருதாணி வெச்சுக்கிட்டா ஆகாதா? பத்து நாள்ல தானா போயிரும்."

"அதனாலதாம்மா வெக்கல."

அதற்குப் பிறகு நான் சொன்னதுதான் இன்றைக்கும் எனக்கே காதில் ஒலிக்கிறது. "நாளைக்கு உன்னைப் பார்க்க வர்றவங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது?" பெண் பார்க்கும் சடங்கைக் கிழித்துப் போட்டு நான் எழுதிய கவிதை ஒன்றைக் கல்லூரி ஆண்டுமலரில் படித்துவிட்டுக் கைதட்டியவள் அவள். அன்று அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. ஆளை அடையாளம் தெரியாதவள்போலப் பார்த்தாள். மூன்று வாரம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

*

எங்கள் குடும்பத்தில் பச்சை குத்திக்கொண்ட முதல் பெண் அவள் இல்லை. என் அம்மாயியின் இரண்டு கைகளிலும் பச்சை இருந்தது. ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தில் காலமெல்லாம் காட்டு வேலை செய்தவர். வலது கையில் புள்ளிக்கோலமும் ஒரு தேளும். இடது கையில் என் அப்பச்சியின் பெயர். அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன் பெயரை வாயால் சொல்லுகிற வழக்கமும் இல்லை. ரேஷன் அட்டைக்கோ வேறு கணக்கெடுப்புக்கோ ஆள் வந்து "வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று கேட்டால் அம்மாயி பேசாமல் இடது கையை நீட்டுவார். வந்தவர் குனிந்து, கையைப் படித்து எழுதிக்கொண்டு போவார். தன்னால் வாசிக்க முடியாத, உச்சரிக்கவும் கூடாத ஒரு சொல்லைச் சாகும்வரை தன் தோலில் சுமந்தவர் என் அம்மாயி. சிறுமியாக இருந்தபோது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆய்வு மாணவியானபோது அதுவே எனக்கு ஒரு கட்டுரைத் தலைப்பாகத் தெரிந்தது. இப்போது அந்தக் கை நீளும்போது அம்மாயியின் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். முகம் நினைவுக்கு வரவில்லை. கை மட்டும்தான் வருகிறது.

அம்மாவின் தலைமுறையில் பச்சை நின்றுபோனது. அம்மா எட்டாம் வகுப்புவரை படித்தவர். கட்டிக்கொடுத்த இடம் அரசு வேலைக்காரர் வீடு. என் கல்யாணத்தில் புகைப்படக்காரர் குடும்பத்தை வரிசையாக நிறுத்தியபோது, அம்மா அவசரமாகப் போய் அம்மாயியின் முந்தானையை இழுத்து இரண்டு கைகளையும் மூடிவிட்டார். அந்தப் படம் இன்னும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் அம்மாயிக்குக் கையே இல்லாததுபோல் இருக்கும். பேருந்தில் நான் துப்பட்டாவை இழுத்துவிட்ட கணத்தில் எனக்கு நினைவு வந்தது அந்தப் படம்தான். அம்மா செய்ததையே நான் செய்திருக்கிறேன்.

அம்மா மூடியது எதை? பச்சை என்பது காட்டில் வெயிலில் நிற்கிற கையின் அடையாளம். பள்ளிக்கூடம் போகாத கை, நாற்று நடுகிற கை. ஒரு குடும்பம் ஒரு படி மேலே ஏறிவிட்டது என்று ஊருக்குச் சொல்ல வேண்டுமானால் வீட்டுப் பெண்களின் தோல் வெறுமையாக இருக்க வேண்டும். "நம்மள மாதிரி ஆளுங்க பச்சை குத்தமாட்டாங்க கண்ணு" என்று அம்மா என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. பெற்ற தாயின் கையைப் பார்த்துக்கொண்டே எப்படி அதைச் சொன்னார் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மகள் பச்சை குத்தினால் நம் வீடுகளில் எழுகிற முதல் பதற்றத்தை ஒழுக்கம் என்கிறோம், பண்பாடு என்கிறோம். அதன் அடியில் கிடப்பது வர்க்க பயமும் சாதிப் பெருமையும். ஏறிவந்த படியிலிருந்து சறுக்கிவிடுவோமோ என்கிற பயம் அது.

*

பச்சையோடு சேர்த்து நாம் மூடி வைத்த இன்னொரு பெண்ணும் உண்டு. அதைக் குத்தியவள். "பச்சை குத்தலையோ" என்று கூவிக்கொண்டு தெருவுக்கு வந்த குறத்தி.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுதிகளில் குறவர் பெண்கள் பச்சை குத்தும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். புது மண்பானையை விளக்கின்மேல் கவிழ்த்துவிட்டால் உள்ளே கரி படியும். அந்தக் கரியைச் சுரண்டித் தண்ணீரில் குழைப்பார்கள், அல்லது தாய்ப்பாலில். சில ஊசிகளை நூலால் ஒன்றாகக் கட்டி, குழைத்த மையைத் தொட்டுக் குத்துவார்கள். சமையலறையிலும் கொல்லையிலும் கிடைக்கிற பொருள்களால் பெண்ணுக்குப் பெண் செய்த வேலை இது. தாய்ப்பாலில் குழைத்த மை! மகளின் பச்சையைத் தாய்மைக்கே இழுக்காக நினைக்கிற நாம், இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்து யோசிக்கலாம்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் அது விரிந்தது. பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களில் குறவர்களும் உண்டு. பட்டியலில் இருந்தவர்களின் விரல்ரேகையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. ஊரார் கைகளில் கோலம் எழுதிய சமூகத்தின் விரல்களில் அரசு மை தடவிக் கோப்பில் ஒட்டிவைத்தது. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. குறிஞ்சித் திணையின் மக்கள் குறவர் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறோம். அதே பெயரைத் தாங்கிய பெண் வாசலுக்கு வந்தால் குழந்தையை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். என் மகள் காசு கொடுத்துப் போன குளிரூட்டிய அறைக்கு இந்தக் கறை கிடையாது. அங்கே ஊசி பிடிப்பவரைக் கலைஞர் என்கிறார்கள். குறத்தியை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இந்தக் கட்டுரை என் மகளின் பக்கம் நிற்கிறது என்றாலும், அவள் தலைமுறை மறந்துவிட்ட இந்தக் கணக்கையும் சொல்லாமல் போக முடியாது.

*

இனி நான் நடத்துகிற பாடத்துக்கு வருகிறேன். அகப்பாடல்களில் தாயின் வேலை என்ன? மகளின் உடலை வாசிப்பது. தோள் மெலிந்தால், நெற்றி பசந்தால், நடை மாறினால் முதலில் கண்டுபிடிப்பவள் தாய். நற்றாயோ செவிலியோ, அவளுடைய கண் மகளின் தோலின் மேலேயே இருக்கும். வாசித்து முடித்ததும் அவள் செய்யக்கூடியவை இரண்டு. இற்செறிப்பாள், அதாவது வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவாள். அல்லது வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதுமே மகளின் உடலில் தெரிந்த மாற்றத்துக்குக் காரணம் தெரியாமல் தவிக்கும் செவிலிக்குத் தோழி சொல்லும் விளக்கம்தான். மகள் நேராக வந்து சொல்வதில்லை. அவள் உடல் ஒரு பிரதி, தாய் வாசகி, தோழி உரையாசிரியர். பிரதிக்கு அங்கே பேச்சு இல்லை.

தாய் ஏன் இப்படி வாசிக்கிறாள்? அலருக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். ஊர் கேட்பது தலைவனை அல்ல, தந்தையைக்கூட அல்ல. "நான் என்னன்னு சொல்றது?" என்று பொங்கலன்று என் வாயில் வந்த கேள்வி ஈராயிரம் ஆண்டுப் பழைய கேள்வி. மகளின் உடலுக்குத் தாயைப் பொறுப்பாளியாக வைத்துவிட்டு, உரிமையாளர்கள் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். தாயின் கண்டிப்பை வெறும் கொடுமையாக வாசிப்பதும் பிழை, வெறும் அன்பாக வாசிப்பதும் பிழை. அது சம்பளமில்லாத காவல் வேலை.

அடுத்தது தொய்யில். சந்தனம், குங்குமம் போன்றவற்றின் குழம்பால் பெண்ணின் தோளிலும் மார்பிலும் கொடியும் கரும்பும் எழுதுகிற வழக்கம். கலித்தொகையில் அது காதல் விளையாட்டு. சிலப்பதிகாரத்தின் மனையறம் படுத்த காதையில் கரும்பையும் கொடியையும் கண்ணகியின் தோளில் எழுதுகிறான் கோவலன். பண்பாட்டு வரலாறு எழுதியவர்கள் இதைப் பழந்தமிழரின் அழகுணர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன். எழுதுகிற கை பெரும்பாலும் ஆணுடையது என்பதை மாணவிகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். பெண் தானே எழுதிக்கொள்வதில்லையா? உண்டு. அதையும் இளங்கோவே காட்டுகிறார். கோவலன் பிரிந்துபோன பிறகு கண்ணகி மார்பில் குங்குமம் எழுதுவதை விட்டுவிடுகிறாள். தன் கையால் தன்மேல் எழுதிக்கொண்டதும் அவன் பார்ப்பதற்காகத்தான். வாசகன் போனான், எழுத்து நின்றது.

இவ்வளவு நாள் நான் கவனிக்காத ஒன்றை என் மகளின் ஒரு வரிப் பதில் காட்டிக்கொடுத்தது. மருதாணி போய்விடும் என்பதனால்தான் வைத்துக்கொள்ளவில்லை என்றாள். தொய்யில் குளித்தால் போய்விடும். கோலம் மாலைக்குள் கால்பட்டுக் கலையும். மருதாணி பத்து நாளில் வெளுக்கும். குங்குமம் வியர்வையில் கரையும். நம் பெண்களின் கைக்குக் கொடுக்கப்பட்ட எழுத்து எல்லாமே அழிகிற எழுத்து. நாளைக் காலையில் அதையே மறுபடி எழுத வேண்டும். அதைப் பெருமையாகவும் சொல்லித் தருகிறோம். அழியாத எழுத்துக்கு வேறு இடம், வேறு அதிகாரம். கல்வெட்டு அரசனுடையது. செப்பேடு கோயிலுடையது. பெண்ணின் தோலிலேயே அழியாமல் எழுத வேண்டுமென்றால் அதை எழுதுகிறவர் உடைமையாளராக இருக்க வேண்டும்.

*

இது மிகைக்கூற்று என்று தோன்றினால் வரலாற்றைப் பாருங்கள். தேவரடியாருக்குச் சூல முத்திரை இடப்பட்ட செய்தி சோழர் காலக் கல்வெட்டில் உண்டு. கோயிலின் சொத்து என்பதற்கான முத்திரை அது. 1947இல் நாடு பிரிந்தபோது கடத்தப்பட்ட பெண்களின் உடலில் எதிர்த் தரப்பு ஆண்கள் தங்கள் வெற்றி முழக்கங்களைப் பச்சை குத்தினார்கள். ஊர்வசி புட்டாலியாவும், ரிது மேனன், கமலா பாசின் இருவரும் 1998இல் வெளியிட்ட நூல்களில் பிரிவினைக்குத் தப்பிய பெண்களின் குரல்கள் பதிவாகியிருக்கின்றன. அப்படிக் குறி சுமந்தவர்கள் மீட்கப்பட்ட பின்பும் வீடு திரும்புவது எளிதாக இல்லை. எழுதியவன் போய்விட்டான், எழுத்து போகவில்லை. 1993இல் அமிர்தசரஸில் காவல்துறையினர் சில பெண்களின் நெற்றியில் 'ஜேப்கத்ரி', அதாவது பிக்பாக்கெட்காரி, என்று பச்சை குத்தினார்கள். அதற்குப் பொறுப்பானவர்கள் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2016இல்.

அதே 2016 பிப்ரவரியில், அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவின் 68ஆம் பிறந்தநாளையொட்டிச் சென்னையில் நடந்த கட்சி நிகழ்ச்சியில், அவருடைய முகத்தைத் தொண்டர்கள் வரிசையில் நின்று கைகளில் குத்திக்கொண்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். அதற்கு முன்னோடி 1970களில் எம்.ஜி.ஆர். கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னது. இவற்றைக் காவல்துறை செய்த கொடுமையோடு நான் ஒப்பிடவில்லை. விருப்பத்தோடு செய்துகொண்டவர்கள் பலர். நான் கேட்பது ஒன்றுதான். புருஷன் பெயரைக் குத்தினால் பதிவிரதை. தலைவர் முகத்தைக் குத்தினால் விசுவாசி. சாமி பெயரைக் குத்தினால் பக்தை. மூன்று அலைக்கோடுகளைக் குத்தினால் மட்டும் ஏன் "அடங்காதவள்"?

யாருடைய உடைமை என்று அந்தக் கோடுகள் சொல்லவில்லை. "என்ன அர்த்தம்?" என்று நான் கேட்டபோது உண்மையில் கேட்டது, "யாருக்காக?" என்றுதான். காதலன் பெயராக இருந்துவிடக் கூடாதே என்று பயந்தேன். அப்படி இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காதலன் பெயராக இருந்திருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும். அதற்குச் சண்டையும் சமாதானமும் நம் மரபில் இருக்கின்றன. உடன்போக்கே இருக்கிறது. யாரையும் குறிக்காத கோட்டை எதிர்கொள்ள என்னிடம் துறையும் இல்லை, கூற்றும் இல்லை.

இதில் வெட்கம் எனக்கு இன்னும் கூடுதல். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது நான் ஆய்வு மாணவி. அந்தத் தலைப்புக்காகவே அவரைத் திட்டித் தீர்த்தார்கள். உடலை எழுதிய மாலதி மைத்ரி, சல்மா, சுகிர்தராணி எல்லோரும் வசை வாங்கினார்கள். நான் அந்தத் தொகுப்பைச் செய்தித்தாள் அட்டை போட்டு வீட்டுக்குள் கொண்டுபோனேன். அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் புத்தகத்துலயா எழுதுவாங்க?" என்றார். என் உடலை நான் எழுதுவேன் என்று அன்றைக்கு அம்மாவிடம் சொற்பொழிவே நடத்தினேன். இருபது ஆண்டு கழித்து என் மகள் அந்த வாக்கியத்தை உள்ளபடியே எடுத்துக்கொண்டாள். நாங்கள் உடலைப் பற்றித் தாளில் எழுதினோம். அவள் உடலிலேயே எழுதிவிட்டாள். "இதையெல்லாம் கையிலயா எழுதுவாங்க?" என்பதுதான் என் எதிர்வினையின் சாரம். அம்மாவின் வாக்கியத்தில் ஒரு சொல்லைத்தான் மாற்றியிருக்கிறேன்.

*

அதற்காகப் பச்சையையே விடுதலை என்று சொல்ல நான் வரவில்லை. பச்சை குத்துவது இன்றைக்கு ஒரு சந்தை. வடிவங்களை விற்கிறார்கள், அழிப்பதற்கான லேசர் சிகிச்சையையும் விற்கிறார்கள். தோழிகளைப் பார்த்துக் குத்திக்கொண்டு பிறகு வருந்துகிற பெண்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஊசி சுத்தமானதா என்று பார்க்கச் சொல்லும் தாயின் கவலை நியாயமானது. வருந்துகிற உரிமையும் அவளுடைய உரிமைதான் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கல்யாணம், படிப்பு, வேலை என்று வாழ்நாளுக்கும் அழிக்க முடியாத முடிவுகளைப் பிள்ளைகள்மேல் தயங்காமல் எழுதுகிறவர்கள் பெற்றோர். ஒரு விரல் நீளக் கோட்டை மட்டும் "அழியாதே!" என்று நாம் பதறுவதில் நியாயம் குறைவு.

பெண் தன் தோலில் அழியாமல் எழுதிக்கொள்வதை ஒரு சமூகம் கௌரவமாக ஏற்கவும் முடியும். நியூசிலாந்தின் மாவோரிப் பெண்கள் முகவாயில் குத்திக்கொள்ளும் 'மோகோ கவாய்' காலனிய காலத்தில் ஒதுக்கப்பட்டுப் பின்பு மீண்டு வந்தது. அதை அணிந்த நனாயா மஹூதா 2020இல் அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். அங்கே அந்தப் பச்சை மூதாய் வழியை நினைவில் வைத்திருக்கிறது. நம் வீட்டில் மூதாயின் கையை முந்தானையால் மூடிப் படம் எடுத்து மாட்டியிருக்கிறோம்.

*

செம்மேட்டில் இறங்கி எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போனோம். மலை மக்களும் கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் அந்த அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்கிறார்கள். கொல்லிப்பாவை நம் இலக்கியத்தின் அழியாத பெண்ணுரு. ஓரியின் இந்த மலையில் தெய்வம் செய்துவைத்தது. நற்றிணை 185 அந்தப் பாவைக்குப் பயன்படுத்துகிற வினைச்சொல் 'எழுது' என்பதுதான். தெய்வம் மலைமேல் எழுதியதாம். அது சிரித்தே கொல்லும் என்று பிற்கால மரபு சொல்லும்.

கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நற்றிணை 201ஐ நினைத்துக்கொண்டேன். பரணர் பாடல். தலைவனிடம் பாங்கன் சொல்கிறான்: அவள் குறவன் மகள், கிடைப்பதற்கு அரியவள், கடுங்காவலில் இருப்பவள், பேசினால் பதில்கூடச் சொல்லாதவள், அவளை நினைக்காதே. தலைவன் மறுக்கிறான். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அசைந்தாலும் உருக்கெடாத கொல்லிப்பாவையைப்போல அவள் என் நெஞ்சைவிட்டு அகலமாட்டாள் என்கிறான். தமிழின் மிகச் சிறந்த காதல் கூற்றுகளில் ஒன்றாக இதை நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு வேறொன்று தெரிந்தது. அந்தப் பாட்டில் அவளுக்குக் கிடைப்பவை காவலும் மௌனமும். அழியாமை கிடைத்திருப்பது அவளுக்கு இல்லை, அவன் நினைவுக்கு. பாவையின் உறுதியை எடுத்து அவன் நெஞ்சுக்குக் கொடுத்துவிட்டார் கவிஞர். காவலில் இருக்கும் அந்தக் குறவன் மகள் தன் உடலில் எதை அழியாமல் வைத்துக்கொள்ள நினைத்திருப்பாள் என்று எந்தப் பாடலும் கேட்கவில்லை. நானும் என் மகளிடம் கேட்கவில்லை.

கேட்டது வேறொரு பெண். திரும்பும்போது செம்மேட்டுச் சாலையோரம் அன்னாசிப் பழத்தை அரிந்து உப்பு, மிளகாய்ப்பொடி தூவி விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், காசை வாங்கும்போது மகளின் கையைப் பார்த்தார். என் உடம்பு தன்னையறியாமல் இறுகியது. இப்போது அர்த்தம் கேட்பார், கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"வலிச்சுதா கண்ணு?" என்றார்.

"கொஞ்சம்" என்றாள் மகள். "கடைசிக் கோட்டுக்கு மட்டும் ரொம்ப."

அந்த அம்மா உச்சுக்கொட்டிவிட்டு ஒரு துண்டு கூடுதலாக வைத்துக் கொடுத்தார். ஏழு மாதமாக நான் கேட்காத கேள்வி அது. அர்த்தம் கேட்டேன், விலை கேட்டேன், யாரோடு போனாய் என்று கேட்டேன். வலித்ததா என்று கேட்கவில்லை. அவள் உடலை வாசித்துக்கொண்டே இருந்தவள், அது அவளுக்கு வலிக்கிற உடல் என்பதை மறந்திருக்கிறேன். அம்மாயியிடமும் நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பச்சியின் பெயரைக் குத்தியபோது யார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள், அழுதாரா, அந்தத் தேளையாவது அவரே கேட்டு வாங்கிக்கொண்டாரா? அம்மாயி இல்லை. இனி அதைக் கேட்க வழியில்லை.

எனக்கு அந்த மூன்று கோடுகள் இன்னும் பிடிக்கவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. பிடிக்காமல் இருக்க எனக்கு உரிமை உண்டு, மூடிவிட உரிமை இல்லை என்ற அளவுக்கு வந்திருக்கிறேன். கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் தேர்வுக்கு நான் வைக்கும் கேள்வி ஒன்று உண்டு: "தொய்யில் எழுதும் மரபைச் சான்றுகளுடன் விளக்குக." இந்த ஆண்டு அதை மாற்றியிருக்கிறேன். "தொய்யில் எழுதும் கை யாருடையது? எழுதப்படுபவள் எங்கேனும் பேசுகிறாளா?" விடைத்தாள்கள் வரட்டும்.

மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. நாற்பதாவது வளைவு தாண்டியதும் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இடது கை என் மடியில் கிடந்தது. கடைசிக் கோடு மற்ற இரண்டையும்விடச் சற்றே தடித்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.